ஒரு சில்லு அந்தரத்தில் நிற்கும் படம்

"தங்கச்சி, இதை நீங்களோ செய்யப்போறியள்? உள்ளுக்கை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

குகன் அண்ணை கராஜ் வாசலில் நின்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. கடையில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று விசாரிக்கும் குரலில்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

"ஒருத்தர் இருக்கிறார் அண்ணை. அவரும் என்னட்டைக் கேட்டுத்தான் செய்யிறவர்" என்றேன்.

அது பச்சைப் பொய். உள்ளே இருந்தவர் எங்கள் மைஸ்டர், கராஜின் தலைமை மெக்கானிக். எனக்கு ஸ்பானரைப் பிடிக்கக் காட்டித் தந்தவரே அவர்தான். நல்லவேளையாக அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே, காட்டுப் பாதைகளில் ஓடும் வாகனங்களை மாற்றியமைக்கும் ஒரு சிறிய கராஜில் வேலை செய்கிறேன். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியையும் இங்கேதான் முடித்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உன் அனுபவத்தை எழுது என்று கேட்டார்கள். இப்படியெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். நான் இன்னும் முப்பதைத் தொடவில்லை. வெற்றிக் கதை ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். அப்படியும் சில என்னிடம் உண்டு. அவற்றை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிபவள் நான். இது அந்த வகை இல்லை.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளியைத் தொலைத்தவர். எங்கள் வீட்டில் ஒரு படிப்பை ஆரம்பித்து முழுதாக முடித்த முதல் ஆள் நான். என் சான்றிதழ் வரவேற்பறையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அம்மா ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்தே காட்டுவார். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி குகன் அண்ணையின் வாகனம். ஜீப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான்கு சில்லும் இழுக்கும் பழைய வாகனம். அண்ணை சவர்லாந்துக் காடுகளில் வண்டு அரித்துப் பட்டுப்போன மரங்களை வெட்டி இழுக்கிற வேலை செய்கிறார். முன்பு தொழிற்சாலையில் நின்றவர். நெஞ்சுக்குள் தூசு போகிறது என்று வைத்தியர் சொன்னபிறகு, சொந்தமாக இந்த வேலையைத் தொடங்கியவர். ஒரு காட்டு உரிமையாளர் தன் மேல் சரிவு முழுவதையும் அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே போகும் பாதை மழை அறுத்த பாதை. அதில் அவருடைய ஜீப் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பது எளிது. முன்னாலுள்ள இரண்டு சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கிறது. ஒரு சில்லு பள்ளத்தில் இறங்க, மற்றது மேட்டில் ஏறும். அச்சு அந்த அளவுக்குச் சரிந்து கொடுக்காவிட்டால், பள்ளத்துக்கு மேலே இருக்கும் சில்லு நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் சுழலும். வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். அச்சைக் கூடுதலாகச் சரியவிடுவதுதான் எங்கள் வேலை. நீளமான, மென்மையான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷொக் அப்சோபர், இன்னும் சில. அந்த விவரங்களை நீங்கள் பயிற்சியில் படிப்பீர்கள், அல்லது படித்துவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது அதையல்ல.

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. வாகனத்தில் கை வைப்பதற்கு முன், அதைச் செய்யப்போகிறவர் வாடிக்கையாளரோடு ஒருமுறை அவர் போகும் இடத்துக்குப் போய்வர வேண்டும். பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. மைஸ்டர் இதில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

"அவரோடு போனாயா?" என்று கேட்டார்.

"அவர் எங்கள் ஆள். அவருடைய மொழியிலேயே எல்லாம் பேசிவிட்டேன்" என்றேன்.

மைஸ்டர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். மொழி என்று நான் சொன்னதும் அவருக்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று. அதை எதிர்பார்த்துத்தான் நானும் சொன்னேன்.

உண்மையில் அண்ணையிடம் நான் பேசியது கொஞ்சம். "எந்தப் பாதை, எவ்வளவு சரிவு?" என்று கேட்டேன். அவர் கையைச் சரித்துக் காட்டினார். "வேறை என்ன கொண்டுபோவியள்?" என்று கேட்க வாயெடுத்தபோதுதான் அவர் கேட்டார், "மைஸ்டரும் ஒருக்கால் பாப்பாரோ?" என்று. அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார் என்று பயந்தேன். செய்து காட்டிவிட்டுப் பேசுவோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இங்கே வளர்ந்த உங்களில் பலருக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது தெரிந்ததாக இருக்கும். பல் முளைத்து விழுகிற வயதிலேயே நாங்கள் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்கள். வைத்தியரிடம், வீட்டுவசதி அலுவலகத்தில், வேலை அலுவலகத்தில் எங்கே டெர்மின் என்று சந்திப்பு நேரம் தந்தாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் போவேன். முதலில் ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னேன். பிறகு அலுத்துவிட்டது. அலுவலர் ஒரு கேள்வி கேட்பார், விடை எனக்கே தெரியும், நானே சொல்லிவிடுவேன். அம்மா என் கையை இழுப்பார்.

"என்னவாம் பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா. நான் சொல்லிட்டன்."

இந்த வசனத்தைச் சொல்லாமல் இங்கே வளர்ந்த பிள்ளை ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். ஒருமுறை பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. ஆசிரியை என்னைப் பற்றி நீளமாக முறையிட்டார். வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள், மற்றவர்கள் பதில் சொல்ல விடுகிறாளில்லை, கேள்வி முடியமுதலே கையைத் தூக்குகிறாள் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "வகுப்பிலை நல்ல ஊக்கமாம் அம்மா" என்றேன். அம்மா ஆசிரியையின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். ஆசிரியை குழம்பிப்போய் நின்றார். இதை நான் வருடக்கணக்காக நகைச்சுவையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை.

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அச்சை மேலும் கீழும் அசைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி, பிரேக் குழாய் இழுபடுகிறதா, ரயர் எங்கேயாவது முட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் பூட்டியபின் முற்றத்திலுள்ள சாய்தளத்தில் ஜீப்பை ஏற்றினோம். இடது முன்சில்லு சாய்தளத்தில் என் இடுப்பளவுக்கு ஏறி நின்றது. வலது சில்லு கீழே இறங்கி நிலத்தைப் பற்றியிருந்தது. மைஸ்டர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அழகு" என்றார். அவர் அந்தச் சொல்லை எளிதில் எடுப்பவர் அல்ல.

நான் படம் எடுத்தேன். குடும்பத்தின் வட்சப் குழுவில் போட்டேன். கனடா மாமி, லண்டன் சித்தப்பா எல்லோரும் கைகூப்பும் படங்களாக அனுப்பினார்கள். அம்மா அதை அச்சடித்துச் சான்றிதழுக்குக் கீழே மாட்டினார். ஒரு பிரதி கராஜ் சுவரில் ஏறியது. அதை மாட்டியவள் நான்தான்.

ஜெர்மனியில் இப்படி மாற்றிய வாகனத்தை அப்படியே தெருவில் இறக்க முடியாது. பரிசோதகர் ஒருவர் பார்த்து, வாகனப் பத்திரத்தில் பதியச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாகனம் தெருவில் ஓடும் உரிமையை இழக்கும். முதல் தடவையாக மைஸ்டர் என்னைத் தனியே அனுப்பினார். வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அண்ணை மேல் சரிவில் வேலை தொடங்க வேண்டும். ஜீப் வராவிட்டால் சரிவு வேறு ஆளுக்குப் போகும் என்று காட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். அண்ணை அன்று காலையில் சவரம் செய்து, கோயிலுக்குப் போகிற சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார்.

பரிசோதகர் பொறுமையான மனிதர். கீழே படுத்துப் பார்த்தார், அளந்தார், ஓட்டிப் பார்த்தார். என் வேலையில் அவர் ஒரு குறையும் காணவில்லை. அண்ணை தள்ளி நின்று, அவர் முகம் போகிற பக்கமெல்லாம் தன் முகத்தையும் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் பரிசோதகர் நிமிர்ந்து அண்ணையைப் பார்த்துக் கேட்டார்:

"முன்னால் வேறு ஏதாவது பூட்டுவீர்களா? இழுவை விஞ்ச் மாதிரி?"

"இல்லை" என்றேன் நான்.

அவர் கேள்வியை முடித்தாரோ என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை.

விஞ்ச் என்பது கம்பி வடத்தைச் சுருட்டி மரத்தை இழுக்கும் இயந்திரம்; ஜெர்மன் அதிகம் வராத அண்ணைக்கும் அந்தச் சொல் தெரியும். அவருடைய தொழிலின் சொல் அது. என் பக்கம் சரிந்து கேட்டார்: "என்னவாம் தங்கச்சி? விஞ்சைப் பற்றியோ கேக்கிறார்?"

"ஒண்டுமில்லை அண்ணை. நான் சொல்லிட்டன்."

"அது வீட்டை நிலவறைக்குள்ளை கிடக்கு எண்டு சொன்னனீங்களோ? ஞாயிற்றுக்கிழமை தம்பியாரைக் கூப்பிட்டுப் பூட்டவேணும். தனியத் தூக்க ஏலாது."

பரிசோதகர் அந்த நேரம் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

தம்பிமாரே, தங்கைமாரே, பிழை நடந்த இடம் அந்த "இல்லை" என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு அதைவிட இந்த இடம்தான் பெரிது. அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் போட்ட ஸ்பிரிங், விஞ்ச் இல்லாத மூக்குக்கான ஸ்பிரிங். தனியாகத் தூக்க முடியாத இரும்பை முன்னால் தொங்கவிட்டால் ஜீப்பின் மூக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து "மன்னியுங்கள், நான் சொன்னது சரியில்லை" என்றால் போதும். அத்தனையும் எனக்கு நன்றாக வரும் ஜெர்மன் சொற்கள். ஆனால் பரிசோதகர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நல்ல வேலை" என்று சொல்லித் தாளை நீட்டினார். நான் கையை நீட்டி வாங்கினேன். நன்றி என்றும் சொன்னேன்.

திரும்பி வரும்போது அண்ணை ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். வழக்கப்படி வேலைக்கு முன் இருந்திருக்க வேண்டிய இருக்கை அது. அவர் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார்; இருவர் பேச்சும் வண்டிக்குள் சத்தமாகக் கேட்டது.

"ஓமப்பா, முடிஞ்சுது. ஒரு பிழையும் சொல்லேல்லை. பிள்ளை பெரிய கெட்டிக்காரி. நான்தான் விசர்க்கதை கதைச்சிட்டன், ஆம்பிளையள் இல்லையோ எண்டு."

"அதை அந்தப் பிள்ளையிட்டைச் சொன்னனீங்களோ?" என்றார் மனைவி.

"பக்கத்திலைதான் இருக்கிறா. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. கறுப்புத் தாரில் வெள்ளைக் கோடுகள் வந்து வந்து எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன.

"அண்ணை, விஞ்சை எந்த நேரமும் பூட்டியோ வைச்சிருப்பியள்?"

"வேலைக் காலத்திலை ஓம். அது இல்லாமல் மரம் என்னெண்டு இழுக்கிறது? கயிறு போட்டுக் கையாலையோ?"

"கராஜுக்குக் கொண்டுவரேக்குள்ளை ஏன் கழட்டினனீங்கள்?"

"முன்னுக்கு வேலை செய்யப்போறியள், இடைஞ்சலா இருக்குமெண்டு கழட்டினனான். நல்லதுக்குத்தானே."

நல்லதுக்குத்தான். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இரண்டு பேராகத் தூக்கிக் கழற்றியிருக்கிறார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"வீட்டை விடுங்கோ அண்ணை. விஞ்சை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போவம்."

"ஏன்? எல்லாம் முடிஞ்சுதெண்டல்லோ சொன்னவர்?"

"அவருக்கு நான் பிழையாச் சொல்லிட்டன்."

அவர் அடுத்த சந்தியில் சமிக்ஞை விளக்கைப் போட்டுத் திருப்பினார்.

விஞ்சையும் அதைத் தாங்கும் கனத்த இரும்புத் தகட்டையும் பூட்டி, ஜீப்பைச் சாய்தளத்தில் ஏற்றினோம். இந்த முறை மைஸ்டர் ஓட்டினார்; நான் கீழே குந்தியிருந்து பார்த்தேன். படத்துக்கு நின்ற அதே இடம்தான். இடது சில்லு மேலே எழுந்தது. நான் பெருமைப்பட்ட அளவுக்கு எழுந்தது. மைஸ்டர் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினார். ரயர் மெல்ல நகர்ந்து, விஞ்சைத் தாங்கும் தகட்டின் விளிம்புக்குள் போய் இறுகிக்கொண்டது. திருப்பி வெட்டப் பார்த்தார். ஸ்டியரிங் அசையவில்லை.

பழைய ஸ்பிரிங்கில் இது நடந்திருக்காது. பழைய ஸ்பிரிங்கில் சில்லு அவ்வளவு உயரம் எழாது. எழச் செய்தவள் நான்.

மைஸ்டர் எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கீழிறக்கி என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்:

"அந்தப் பாதைக்கு ஒரு பக்கம் என்ன இருக்கிறது? அவரிடம் கேள்."

நான் அண்ணையிடம் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்பதுபோல் இருந்தது.

"ஒரு பக்கம் மண்மேடு" என்றார். "மற்றப் பக்கம் ஒண்டுமில்லை. கீழை ஆறு."

அதை மைஸ்டருக்குச் சொன்னேன். அண்ணை ரயருக்குப் பக்கத்தில் குந்தி, சிக்கிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த இரும்பைப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ரை மகளும் இப்பிடித்தான். டொக்டர் ஏதும் கேட்டா எனக்குச் சொல்லமாட்டாள். 'நான் சொல்லிட்டன் அப்பா' எண்டுவாள்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் தலைகுனிந்து நின்றிருப்பேன்; அது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கும். அவர் தன் மகளோடு என்னையும் சேர்த்து மன்னித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

பரிசோதகருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மைஸ்டர் எடுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அதில் ஒரு வீரமும் இல்லை. அவர் எடுத்தால் அங்கே பேசப்படுவதை நான் கேட்காமல் தப்பிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"விஞ்ச் இருக்கிறது" என்றேன். "நான் இல்லை என்று சொன்னது பிழை."

"அவர் உங்களிடம் இல்லையென்று சொன்னாரா?"

"இல்லை. நான் அவரிடம் கேட்கவில்லை."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியானால் இன்று நான் தந்தது செல்லாது. எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு மறுபடி வாருங்கள்" என்றார். நல்ல வேலை என்று சொன்ன அதே குரல்தான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை.

திங்கட்கிழமை அண்ணை காட்டுக்குப் போகவில்லை. காட்டு உரிமையாளர் சொன்னபடியே செய்தார். மேல் சரிவு வேறொரு ஆளுக்குப் போனது. அந்தப் பருவத்தில் அண்ணை அதே சரிவில், அந்த ஆளுக்குக் கீழே, அவருடைய இயந்திரத்தில் வேலை செய்தார். இதற்கு நான் எந்தச் சமாதானமும் எழுதப்போவதில்லை. ஆற்றுக்குள் போகாமல் தப்பியது பெரிதல்லவா என்று மைஸ்டர் சொன்னார். பெரிதுதான். ஆனால் நான் பக்கத்து இருக்கையில் முன்பே ஒருமுறை போய்வந்திருந்தால் ஆறும் இல்லை, இழப்பும் இல்லை.

இதற்கிடையில் அம்மா தமிழ்க் கடையில் அண்ணையின் மனைவியைச் சந்தித்திருக்கிறார். "உங்கடை மகள் நல்ல கெட்டிக்காரியாம், இவர் சொன்னவர்" என்று அவர் சொன்னாராம். அம்மா மரக்கறிப் பையைக் கீழே வைக்காமலே அதை எனக்குச் சொன்னார். அண்ணை வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு அன்று விசேடமாகக் கறி வைத்தார். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் முதலில் நம்பவில்லை. "உனக்கு ஜெர்மன் தெரியுந்தானே? பிறகென்னெண்டு பிழைக்கும்?" என்றார்.

"ஜெர்மன் பிழைக்கேல்லை அம்மா."

இரண்டாம் முறை வேலை தொடங்குவதற்கு முன்னால் நான் அண்ணையோடு காட்டுக்குப் போனேன். பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிப் பூட்டி, விஞ்ச், சங்கிலி, வாள், எண்ணெய்க் கலன் எல்லாம் அவர் ஏற்றுகிறபடியே ஏற்றிக்கொண்டு போனோம். வாயைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணைக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, தொண்டை நோவோ?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தானே பேசிக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் நிறுத்துவார், எங்கே இறங்கி நடந்து பார்ப்பார், மழை பெய்தால் எந்த வளைவுக்குமேல் போகமாட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றையும் நான் கேட்டிருக்கவில்லை. மழை அறுத்த ஒரு பள்ளத்தில் வலது சில்லு அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. கையைக் கீழே காட்டி, "இதுதான் என்ரை வருத்தம்" என்றார்.

விஞ்சைத் தாங்கக்கூடிய வலுவான ஸ்பிரிங்கைப் போட்டேன். சில்லு தகட்டுக்குள் போகாதபடி, அது எழக்கூடிய உயரத்தை மட்டுப்படுத்தினேன். அதனால் அச்சு முன்னைப்போல் சரியாது. சாய்தளத்தில் ஏற்றியபோது வலது சில்லு நிலத்தைத் தொடவில்லை. கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நின்றது. ஸ்டியரிங் இரண்டு பக்கமும் தடையில்லாமல் ஓடியது. அண்ணையைக் கூப்பிட்டு அந்த இடைவெளியைக் காட்டினேன்.

"இவ்வளவுதான் அண்ணை ஏலும். இதுக்கு மேலை விட்டால் பழையபடி சிக்கும். உங்களுக்கு இது போதுமோ?"

அவர் குந்தி, சில்லுக்கும் நிலத்துக்கும் நடுவில் தன் சப்பாத்துக் காலை விட்டுப் பார்த்தார்.

"முந்தி முழங்கால் அளவுக்குத் தூக்கும். இப்ப சப்பாத்தளவு. காணும் தங்கச்சி, இவ்வளவும் போதும்."

பரிசோதகரிடம் மறுபடி போனோம். அதே ஆள். உள்ளே போனதும் நான் அவரிடம் சொன்னேன்: "கேள்விகளை இவரிடம் கேளுங்கள். நான் மாற்றிச் சொல்வேன். பதில் சொல்லமாட்டேன்." அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எல்லாம் பார்த்து முடித்தபின் அவர் விஞ்சைத் தட்டிக்காட்டி அண்ணையிடம் கேட்டார்: "இதைப் பற்றிப் போன முறை ஏன் சொல்லவில்லை?"

அதைத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அண்ணை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தயக்கம். "என்ன சொல்ல?" என்று என்னையே கேட்டார்.

"நீங்கள் சொல்லுறதை அண்ணை."

"போனமுறை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியைக்கு முன்னால் நான் இருந்த கதிரை எனக்கு ஞாபகம் வந்தது. இதையும் ஏதாவது ஊக்கமாக மாற்றிவிட எனக்கு ஒரு கணம் போதும். அந்த வித்தை கைவிட்டுப் போகவில்லை.

"போன முறை தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்கிறார்" என்றேன்.

"நான் கேட்டேனே" என்றார் பரிசோதகர்.

"நீங்கள் கேட்டீர்கள். நான்தான் அவரிடம் கேட்கவில்லை."

அண்ணை என் சட்டைக் கையை மெல்லத் தட்டினார். "இவ்வளவு நேரமும் என்ன சொன்னனீங்கள்?"

"நீங்கள் சொன்னதைத்தான். பிறகு என்ரையிலை ஒண்டு."

பரிசோதகர் தாளை இந்த முறை என்னிடம் நீட்டவில்லை. நேரே அண்ணையின் கையில் கொடுத்தார். அண்ணை அதை மடிக்காமல், இரண்டு கைகளாலும் பிடித்தபடி வெளியே நடந்தார். வாசலில் நின்று திரும்பி, "ஏன் தங்கச்சி, உள்ளுக்கை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லாட்டிலும் வேலை நடக்குது போலை" என்றார். அடுத்த பருவத்துக்குக் கீழ்ச் சரிவு தனக்குக் கிடைக்கலாம் என்றும் சொன்னார். கிடைக்கலாம் என்றுதான் சொன்னார். கிடைத்தது என்று நான் எழுதினால் அது மறுபடியும் அவருக்காக நான் சொல்லும் பதில்.

கராஜ் சுவரிலிருந்த பழைய படத்தை நேற்றுக் கழற்றிவிட்டேன். அந்த ஆணியில் இப்போது இரண்டாம் முறை எடுத்த படம் தொங்குகிறது. விஞ்ச் பூட்டிய ஜீப், சாய்தளத்தில் ஏறி, ஒரு சில்லு நிலத்தைத் தொடாமல் நிற்கும் படம். அதையே குடும்பக் குழுவிலும் போட்டேன். இந்த முறை கைகூப்பும் படங்கள் வரவில்லை. அம்மா மட்டும் தொலைபேசி எடுத்தார்.

"என்ன பிள்ளை, ஒரு சில்லு நிலத்திலை முட்டேல்லை?"

"ஓம் அம்மா, முட்டேல்லை."

"முந்தின படத்திலை முட்டினதெல்லோ? அப்ப இது பிழையோ?"

"அவரைக் கேட்டனான் அம்மா. இவ்வளவு காணுமாம்."